தெரிந்தவர் வீடு

சென்னையில் நல்ல வாடகை வீடுகளுக்குப் பெரும்பாலும் பலகை தொங்குவதில்லை. குடியிருப்பவர் காலி செய்யப் போகிறார் என்ற செய்தி பால் பாக்கெட் போடுகிறவரிடமிருந்து மளிகைக் கடைக்கும், அங்கிருந்து ஓனருடைய மச்சினரின் அலுவலகத்துக்கும் போய்விடும். பழைய ஆள் சாமான் ஏற்றுவதற்குள் புதிய ஆள் அட்வான்ஸ் கொடுத்து முடித்திருப்பார். பலகை தொங்குகிறது என்றால் தெரிந்தவர் யாரும் எடுத்துக்கொள்ளாத வீடு, தண்ணீர் உப்பாக இருக்கும், இல்லையென்றால் ஓனர் கறார்ப் பேர்வழி என்று வீடு தேடுகிறவர்களே சொல்வார்கள். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறுகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியும் இதை ஒட்டியதுதான்: "யார் மூலமா வர்றீங்க?"

இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். அப்பாவின் அலுவலகத்தில் அவருக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்றவரின் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். மேலே ஓனர், கீழே நாங்கள். இப்போது குரோம்பேட்டையில் அம்மாவின் பெயரில் இருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனைத் தெரிந்தவர்களுக்கு விட்டிருக்கிறோம். தெரிந்தவருக்கு வீடு விடுவதும் தெரிந்தவர் வீட்டில் இருப்பதும் நம் ஊரில் பாதுகாப்பான காரியமாக, கொஞ்சம் நல்ல காரியமாகவும்கூடக் கருதப்படுகின்றன. வெளியாருக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் தெரிந்தவருக்குப் பத்தாயிரம். பத்து மாத அட்வான்ஸ் ஆறு மாதமாகும். அந்த இரண்டாயிரம் ரூபாய் எங்கும் போய்விடுவதில்லை, வேறு வடிவத்தில் வசூலாகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது கருத்தாக வசூலானது.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அப்பா வாடகையை ஒரு பழுப்புக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். என்னையும் கூட்டிப் போவார். மேலே மொட்டை மாடியை ஒட்டிய தாழ்வாரத்தில் ஓனர் பிரம்பு நாற்காலியில் இருப்பார். எதிரில் மடக்கு நாற்காலி ஒன்று. கவரை வாங்கி எண்ணிப் பார்க்காமல் பேப்பருக்கு அடியில் வைப்பார். எண்ணாமல் வைப்பது மரியாதை, தெரிந்தவர் என்பதற்கான மரியாதை. பிறகு பேப்பரைப் பற்றிப் பேச்சு தொடங்கும். 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் மண்டல் குழுப் பரிந்துரையை நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவித்த சமயம். ஓனர் கொதித்துப் போயிருந்தார். தகுதி போச்சு, திறமை போச்சு, நாடே போச்சு என்றார். "நீயே சொல்லுப்பா, ஆபீஸ்ல பாக்குறியே, கோட்டால வர்றவன் ஒரு நோட் ஒழுங்கா எழுதுறானா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. அது ஓனருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அப்பா மடக்கு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "ஆமா சார், காலம் அப்படி இருக்கு" என்றார்.

கீழே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். சாப்பிடும்போது அம்மாவிடம் மட்டும், "அவர்கிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார்.

ஓனர் கெட்டவர் இல்லை. அம்மா பிரசவ சமயத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு மாத வாடகையை அவர் கேட்கவே இல்லை. அவருடைய மனைவி எனக்குச் சாப்பாடு போட்டு, தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். எந்தக் கடனையும் திருப்பித் தந்துவிடலாம். எண்ணாமல் வாங்கிய கவருக்கும் கேட்காமல் விட்ட வாடகைக்கும் கணக்கு எப்படித் தீர்ப்பது? முகம் தெரியாத, கறாரான ஓனராக இருந்திருந்தால் அப்பா வாடகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பார். நாட்டு நடப்பைப் பேச வேண்டிய கட்டாயமே இருந்திருக்காது. அன்பானவர் என்பதால்தான் உட்கார வேண்டியிருந்தது, உட்கார்ந்ததால் ஆமோதிக்க வேண்டியிருந்தது. தெரு முனை டீக்கடையில் அதே அப்பா அதே மண்டலுக்காக மேசையைத் தட்டி வாதாடியதையும் நான் பார்த்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்காரும் எவரும் அவர் குடியிருக்கும் வீட்டுக்கு ஓனர் இல்லை.

தமிழர்கள் அரசியல் பேசுவதில் சளைக்காதவர்கள் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். டீக்கடை, முடிதிருத்தும் நிலையம், ரயில் பெட்டி, கல்யாண மண்டபத்து வாசல் என்று நம் பேச்சுக்கான இடங்களைப் பட்டியலிட்டு எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: பேசி முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். எழுந்து போக முடியாத இடத்தில், நாளை காலை மோட்டார் போடச் சொல்லிக் கேட்க வேண்டியவரிடம், ஒருவர் என்ன கருத்துச் சொல்கிறார் என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் ஓனரிடம் சொல்லும் அரசியல் கருத்தை அவருடைய கருத்தாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்பேன்.

தெரிந்தவர் என்ற இந்த ஏற்பாடு எப்படி இவ்வளவு உறுதியாக நின்றது என்பதற்குக் காரணம் நம் சட்ட வரலாற்றில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது வாடகையைக் கட்டுப்படுத்த அரசு உத்தரவுகள் போட்டது. போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1946-இல் சென்னை மாகாணத்தில் அது சட்டமாயிற்று, 1949-இல் புதிய சட்டம், 1960-இல் இன்னொன்று. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது வருடம் நம்மை ஆண்டது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், ஓனருக்குக் குடியிருக்கத் தேவைப்பட்டால், இடித்துக் கட்ட வேண்டியிருந்தால் என்று குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே குடியிருப்பவரை வெளியேற்ற முடியும். எளியவர்களைக் காத்த சட்டம் அது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வழக்கு என்று போனால் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். ஓனர் ஒருவர் போட்ட வழக்கை அவர் மகன் நடத்துவதும், குடியிருந்தவர் காலமாகி அவர் பிள்ளைகள் வாதாடுவதும் சாதாரணம். பழைய தெருக்களில் கடையோ வீடோ அந்தக் காலத்து வாடகையிலேயே உறைந்து நின்றதும் இதனால்தான். ஓய்வூதியப் பணத்தில் ஒரு மாடி எழுப்பிய நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஓயாத பயம். "வாடகைக்கு விட்டா வீடு நம்மது இல்ல" என்ற பேச்சு அப்படி வந்தது.

நீதிமன்றத்தை நம்ப முடியாதவர்கள் மச்சினரை நம்பினார்கள். தெரிந்தவர் என்றால் சொன்னால் கேட்பார், காலி செய்யச் சொன்னால் உறவுக்குப் பயந்து காலி செய்வார். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கமும் இதே அச்சத்தின் இன்னொரு முகம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கப் பதினோரு மாதம். தெரிந்தவர்களுக்குள் அதுவும் இல்லை. "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், வேண்டும் என்று மற்றவர் சொல்வது நம்பிக்கைத் துரோகம் மாதிரி ஆகிவிடும்.

ஒருவருக்குத் தெரிந்தவர்கள் யார்? கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள், ஊர்க்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், அலுவலக நண்பர்கள். இதில் கடைசி வகையைத் தவிர மற்றதெல்லாம் நம் ஊரில் சாதிக்குள் அடங்கிய வட்டம். அலுவலக நண்பரும் வீட்டுக்குள் வரும்போது அந்த வட்டத்தின் ஓரத்தில்தான் நிறுத்தப்படுகிறார். அதனால் தெரிந்தவருக்கு மட்டும் விடுகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலேயே ஒரு பெரிய கூட்டத்துக்குக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. பலகையில் 'சைவம் மட்டும்' என்று எழுதுகிறவராவது வெளிப்படையாக எழுதுகிறார். பலகையே மாட்டாதவர் வீட்டுக்கு ஒரு தலித் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ போய்க் கேட்கவே வழியில்லை. மறுத்தார் என்று யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. மறுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லையே.

அதையும் தாண்டிப் படியேறிவிட்டவரிடம் கேள்விகள் பக்குவமாக வரும். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எங்கே, ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள். கேட்கிறவர் குரலில் அக்கறை இருக்கும், காபி கூட வரும். பதில் சொல்கிறவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார்கள். செழியன் எடுத்த 'டு லெட்' படம் இந்தப் படியேறலையும் இறங்கலையும்தான் காட்டியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்து வாடகை ஏறிய 2007-ஆம் ஆண்டுச் சென்னையில், ஒரு கணவனும் மனைவியும் சின்னப் பையனும் வீடு தேடி அலைகிற கதை. அந்தப் படம் திரையரங்குகளுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்.

நாட்டு நடப்பு பற்றிய கருத்துக்கு வாடகை வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. காலையில் பேப்பரில் படித்ததை மாலையில் வாசலில் நிற்பவர் மேல் ஏற்றிப் பார்ப்பது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு சென்னையில் ஈழத்தமிழர்களுக்கு நேர்ந்தது இதுதான். முகாமுக்கு வெளியே இருந்தவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்னால், எண்பதுகளில், அவர்களுக்கு வீடு கொடுப்பதை ஒரு கடமை போலப் பேசிய அதே தெருக்காரர்கள் பதறிப் போனார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வழக்கில் தங்க இடம் கொடுத்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இடையில் இருந்த வருடங்களில், யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தாலே "வீடு முடிஞ்சிருச்சே" என்று சொன்னவர்கள் எத்தனை பேர். எங்கள் தெருவில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஈழத்துக் குடும்பம் கொட்டிவாக்கம் போய், அங்கிருந்து எங்கோ போனது. அந்த அக்காவிடம்தான் நான் பின்னம் கற்றேன். அவர்கள் காலி செய்த நாளில் தெருவில் யாரும் எதிராகப் பேசவில்லை. பேசக்கூடியவர்களில் பாதிப் பேர் தாங்களே வாடகைக்கு இருந்தவர்கள்.

2020-இல் கொரோனா வந்தபோது இதே காட்சி வேறு ஆட்களோடு நடந்தது. மாலையில் கைதட்டிப் பாராட்டப்பட்ட மருத்துவர்களையும் செவிலியர்களையும் காலி செய்யச் சொன்ன செய்திகள் நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தன. அந்த வருடம் மார்ச் 29-ஆம் தேதி ஒன்றிய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களையும் மாணவர்களையும் கட்டாயப்படுத்தி வெளியேற்றும் வீட்டு உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

சின்ன விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும், மின்கட்டணம். 2016-இல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது. அரசைப் பற்றிய நம் அன்றாடக் கருத்துகளில் இந்த நூறு யூனிட்டுக்கு எப்போதும் இடம் உண்டு. ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்பார் ஒருவர், எங்கள் வரிப்பணம் என்பார் இன்னொருவர். ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் ஏராளமானவர்கள் அந்தச் சலுகையைக் கண்ணால் பார்த்ததில்லை. படிக்கட்டுக்கு அடியில் ஓனர் பொருத்திய சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் அல்லது பத்து ரூபாய் என்று அவர் வைத்ததுதான் விலை. முதல் யூனிட்டிலிருந்தே அந்த விலை. வெளியாராக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டாவது கேட்டுவிடுவார். தெரிந்தவர் கேட்க மாட்டார். வாடகையில் இரண்டாயிரம் குறைத்தவரிடம் எந்த முகத்தோடு கரண்ட் பில்லைக் காட்டச் சொல்வது? அரசு கொடுத்தது வாசல் வரை வந்து, கூச்சத்தின் காரணமாக உள்ளே வராமல் நின்றுவிடுகிறது.

புதிய சட்டத்துக்கு வருகிறேன். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். வேறுவிதமாக இருவரும் ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. அந்த 'ஒழிய' வழியாகத்தான் பழைய பத்து மாதம் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் ஓனர் வர வேண்டுமானால் இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. இன்னொரு பக்கம், பழைய சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. நமக்குள் எதற்குப் பத்திரம் என்று சிரித்துப் பேசிக் குடிவந்தவர்தான் இன்று எல்லோரையும்விடப் பலவீனமான இடத்தில் நிற்கிறார்.

யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்பது பற்றி இந்தச் சட்டம் ஒரு வரியும் பேசவில்லை. சாதியையும் மதத்தையும் கேட்டுக் கதவைச் சாத்துவதைத் தடுக்க நம் சட்டமன்றத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. தவறவிட்டார்கள். சமூக நீதி பேசும் எந்தக் கட்சியும் இதைத் தேர்தல் அறிக்கையில் ஒரு முதன்மையான கோரிக்கையாக எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மாடியில் இப்போது இருப்பவர்கள் அம்மாவின் பழைய சக ஆசிரியையின் மகள் குடும்பம். அவர்கள் வந்தபோது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரோஜா பொண்ணுகிட்டப் போயி கையெழுத்துக் கேக்குறதா?" என்றாள். எழுதினோம். வாடகை, அட்வான்ஸ், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தனி மின் இணைப்பு, கட்டணத்தை அவர்களே நேராகக் கட்டுவது, தண்ணீர் லாரி வந்தால் செலவை எப்படிப் பிரிப்பது, மொட்டை மாடி யாருக்கு எப்போது என்பதுவரை எழுதினோம்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாடிப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. ஓய்வூதியக்காரியான அம்மாவுக்கு இல்லை. ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே அம்மா, "இப்படி ஆளாளுக்கு அள்ளிக் குடுத்தா கஜானா என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. அது நீங்க உழைச்சதுக்கு. நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் செய்றது உழைப்பு இல்லையா? யாரு எனக்கு இதுவரைக்கும் பத்து ரூபா குடுத்தா?" என்று கேட்டாள். அம்மா விடவில்லை, வேலைக்குப் போக வேண்டியதுதானே என்றாள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் கேட்டாள். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் இரண்டு பேரும் கோபமாக ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மறுநாள் காலையில் அவள் மோட்டார் போடச் சொல்லிக் குரல் கொடுத்தாள், அம்மா போட்டாள். சாயங்காலம் மறுபடி அதே விவாதம், இந்த முறை பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தையும் சேர்த்துக்கொண்டு.

என் அப்பா அந்த மடக்கு நாற்காலியில் சொல்ல முடியாததை இந்தப் பெண் மொட்டை மாடியில் நின்று சொன்னாள். அவள் அப்பாவைவிடத் துணிச்சலானவள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு வாடகையில் யாரும் சலுகை செய்யவில்லை, கரண்ட் பில் அவள் பெயருக்கு நேராக வருகிறது, இன்னும் எத்தனை மாதம் இங்கே இருக்கலாம் என்பது தாளில் இருக்கிறது. அம்மாவுக்கு அவள் கடன்பட்டிருப்பது ஏதாவது இருந்தால் அது இரண்டு கிண்ணம் பாயசம்தான்.

இந்த வருடம் அவர்கள் காலி செய்கிறார்கள். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் புதிய ஆள் வந்தாக வேண்டும். அம்மா ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். எல்லாம் தெரிந்தவர்கள், எல்லாம் ஒரே வட்டம். இந்த முறை பலகை மாட்டுவோம், முதலில் வந்து வாடகைக்கு ஒத்துக்கொள்கிறவருக்குக் கொடுப்போம், ஊரையும் தெருவையும் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். "முன்னப் பின்ன தெரியாதவங்கள எப்பிடி நம்பி விடுறது?" என்கிறாள். வேலைக்கான அத்தாட்சியையும் ஆதாரையும் பார்ப்போம், மூன்று மாத அட்வான்ஸ் வாங்குவோம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வோம் என்றேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுத்தால் வாசனை கீழே வருமே என்றாள். வரும் என்றேன். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. பலகைக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தாயிற்று, வைகாசி பிறந்ததும் மாட்ட வேண்டும்.